மிக்ஸி பிளேன் ஏறும் முன்: வெளிநாட்டில் மின்சாதனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் அப்பா அம்மாக்கள் ஒரு பக்கம். லீவுக்கு ஊர் வந்து, கையோடு கொண்டுவந்த பொருளை இங்கே சுவரில் செருகிப் புகைய விட்ட பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

பெட்டி கட்டும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பொருளின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை. எல்லாரும் பிளக்கின் முள் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். முள்ளை இருநூறு ரூபாய் அடாப்டர் சரிசெய்துவிடும். உள்ளே வரும் கரண்ட்டை அது தொடக்கூட தொடாது.

உங்கள் போன் சார்ஜரைக் கவிழ்த்துப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து இருக்கும். படிக்க முடியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ‘இன்புட்’ என்று தொடங்கும் வரியில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தப் பொருள் உலகில் எந்த ஊருக்கும் போகலாம். (ஹெர்ட்ஸ் என்பது கரண்ட்டின் அலை நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்ற கணக்கு.) 220-240 என்றோ வெறும் 230 என்றோ மட்டும் இருந்தால் அது நம்மூர் மாதிரி கரண்ட் உள்ள நாடுகளுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே ‘அவுட்புட்’ என்று 5, 9, 20 என எண்கள் வரும். அது சார்ஜரிலிருந்து போனுக்குப் போகும் வோல்டேஜ். அதைப் பார்த்துவிட்டு “அண்ணா, இது வெறும் அஞ்சு வோல்ட்தானுங்க, எங்கயும் ஓடும்ல?” என்று கேட்டவர்கள் உண்டு.

போன், லேப்டாப், கேமரா, டேப்லெட் சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே 100-240தான். சூடாகிற பொருள், சுற்றுகிற பொருள் இந்த இரண்டு இனமும்தான் தகராறு செய்யும்.

எந்த நாட்டில் என்ன கரண்ட்?

நம்மூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஆஸ்திரேலியா எல்லாமே இதே குடும்பம். 220, 230, 240 என்று எண் கொஞ்சம் முன்பின் இருக்கும், பொருளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இந்த நாடுகளுக்குப் போனால் முள்ளுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

அமெரிக்காவும் கனடாவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பேச்சுவழக்கில் ‘நூத்திப்பத்து’ என்பார்கள். தைவான் 110. ஜப்பான் 100, உலகிலேயே குறைந்த வோல்டேஜ் அங்கேதான். சவுதியில் 230 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். அங்கே பழைய கட்டடங்களில் 127 வோல்ட் பாயின்ட்டும் இருக்கலாம், செருகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் சுவரில் இருப்பது அமெரிக்காவைப் போன்ற தட்டை முள் சாக்கெட். உள்ளே வருவதோ 220 வோல்ட். தாய்லாந்திலும் வியட்நாமிலும் தட்டை முள் நுழையும், கரண்ட் நம்மூர் கரண்ட். அமெரிக்காவில் வாங்கிய ஹேர் டிரையரை இங்கெல்லாம் அடாப்டரே இல்லாமல் செருகலாம். செருகினால் ஒரு நிமிடம்கூட தாங்காது.

அடாப்டர் போட்டால் கரண்ட் மாறிவிடாதா?

மாறாது. அது செருப்பு மாற்றிக்கொள்வது மாதிரி, கால் அதே கால்தான்.

230 வோல்ட் பொருளை 120 வோல்ட்டில் போட்டால் என்ன ஆகும்? வெடிக்குமா?

சூடாகிற பொருள் என்றால் வெடிக்காது. ஒழுங்காக வேலை செய்யாது, அவ்வளவுதான். முதல்முறை அமெரிக்கா போனபோது, தொழில் தெரிந்த நானே என் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனேன். ஆயிரம் வாட். அடாப்டரில் செருகினேன், சிவப்பு லைட் மங்கலாக எரிந்தது. ஒரு நிமிடம் கழித்து அடித்தட்டில் விரல் வைத்துப் பார்த்தேன், மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாகும் என்று நினைப்போம். கணக்கு அப்படி இல்லை. வோல்டேஜ் பாதி, அதனால் காயிலில் ஓடும் கரண்ட்டும் பாதி. பாதியில் பாதி, கால் பங்கு. என் ஆயிரம் வாட் பெட்டி அங்கே சுமார் 270 வாட் பெட்டி.

இதே கணக்கு மறுபக்கம் போகும்போதுதான் ஆபத்து. அமெரிக்காவின் 1500 வாட் கெட்டிலை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் அது 5500 வாட் இழுக்கப் பார்க்கும். நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. காயில் அறுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அறுவதற்குள் வயர் இளகி, சாக்கெட் கருகி, திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் அதுவும் பிடிக்கும்.

மிக்ஸியை அமெரிக்காவுக்குக் கொண்டு போகலாமா?

வாரத்துக்கு நாலு பேராவது கேட்கும் கேள்வி.

மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதற்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை, 50ஆ 60ஆ என்று கேட்காது. வோல்டேஜ் மட்டும் சரியாக வேண்டும். 230 வோல்ட் மிக்ஸியை 120 வோல்ட்டில் போட்டால் வெறும் ஜாரில் சுற்றிக் காட்டும். தேங்காயும் மிளகாயும் போட்டுத் தண்ணீர் குறைவாக விட்டதும் முனகிக்கொண்டு நிற்கும். நின்ற மோட்டாரில் கரண்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் வைண்டிங் சூடாகும். நல்ல வேளை என்றால் அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோட் பட்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

வழி இரண்டு. ஒன்று, 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸியை வாங்குவது. நம்மூர் கம்பெனிகள் பலவும் அமெரிக்கா, கனடாவுக்கென்று தனி மாடல் போடுகின்றன. ஜாரும் பிளேடும் நம்ம பழக்கத்துக்கே இருக்கும், அங்கே இந்தியக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். இரண்டாவது, வோல்டேஜை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இங்கிருந்து கொண்டுபோன மிக்ஸியை ஓட்டுவது. அது கைப்பையில் தூக்கிப் போகிற கனம் இல்லை. 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், அதனால் இரு மடங்கு, அதாவது 1500 வாட் அளவுக்குப் பார்த்து வாங்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் அது சமையல் மேடையில் அடைக்கும் இடத்தையும் பார்த்தால், ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருப்பவர்கள் 110 மிக்ஸியே வாங்கிவிடுவது மேல் என்பேன். என் வியாபாரத்துக்கு இது நஷ்டம்தான்.

கொண்டுபோவதாக முடிவு செய்தால் ஜாரின் பிளேடு கைப்பையில் வரக் கூடாது, செக்-இன் பெட்டியில் வையுங்கள். துணியில் சுற்றி வைத்தால் பெட்டியைச் சோதிப்பவர் கையும் தப்பும்.

கிரைண்டர்?

இங்கே ஹெர்ட்ஸ் பேச ஆரம்பிக்கும். கிரைண்டரில் பிரஷ் கிடையாது, அது இன்டக்ஷன் மோட்டார். அது சுற்றும் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் முடிவு செய்கிறது. நம்மூர் 50 ஹெர்ட்ஸ் கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அமெரிக்காவில் ஓட்டினால் 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும். கல் வேகமாகச் சுற்றினால் மாவு சூடேறும். உளுந்து அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் சமாளித்துவிடுவார்கள்.

அங்கிருந்து 60 ஹெர்ட்ஸ் கிரைண்டரை இங்கே கொண்டுவந்தால் சங்கடம் அதிகம். வேகம் குறையும், மோட்டார் தேவைக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டர் செய்கிற ஊருக்கே அமெரிக்காவிலிருந்து கிரைண்டர் கொண்டுவருவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஊரோடு திரும்பி வருகிறவர்கள் கன்டெய்னரில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள்.

மகள் வீட்டில் துணி உலர்த்தும் மெஷினுக்கு 240 வோல்ட் பாயின்ட் இருக்கிறது. அதில் நம்ம பொருளைப் போடலாமா?

எலக்ட்ரிகல் தெரிந்த அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. யோசனை புத்திசாலித்தனமானது, ஆனால் செய்யாதீர்கள். நம் 230 வோல்ட்டில் ஒரு வயர் ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். அமெரிக்க 240இல் இரண்டு வயருமே ஃபேஸ், ஒவ்வொன்றிலும் 120. நம் பொருளின் சுவிட்சு ஒரு வயரைத்தான் துண்டிக்கும். அணைத்த பிறகும் உள்ளே இன்னொரு ஃபேஸ் உயிரோடு நிற்கும். போதாததற்கு அந்தப் பாயின்ட்டின் பிரேக்கர் பெரும்பாலும் 30 ஆம்ப். உங்கள் மிக்ஸி வயர் பற்றி எரிந்தாலும் 30 ஆம்ப் பிரேக்கர் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

‘2000 வாட் கன்வெர்ட்டர்’ என்று உள்ளங்கை அளவில் விற்கிறார்களே, அது போதாதா?

கனம் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உள்ளே அவ்வளவு செம்பும் இரும்பும் இருக்க வேண்டும், உள்ளங்கையில் அடங்காது. அந்தக் குட்டிப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியான ஒரு மின்னணு சுற்று. கரண்ட்டின் அலையை அங்கங்கே வெட்டி, சராசரியைக் குறைத்துக் காட்டும். 230ஐக் குறைத்து 110 பொருளை ஓட்டத்தான் அது ஆகும். 120ஐ 230 ஆக்க அதால் முடியாது. அதிலும் சாதாரண ஹீட்டர், பழைய மாடல் அயர்ன் போன்ற வெறும் காயில் பொருளைச் சில நிமிடங்கள் ஓட்டலாம். மோட்டாரோ, டிஜிட்டல் டிஸ்பிளேயோ உள்ள எதையும் அதில் செருகாதீர்கள்.

ஹேர் டிரையர், ஸ்ட்ரெய்ட்னர்?

என் கடைக்குப் பிணமாக வரும் பொருட்களில் முதல் இடம் இவற்றுக்குத்தான். பயணத்துக்கென்று விற்கும் சில டிரையர்களில் கைப்பிடியில் 125/250 என்று ஒரு திருகு சுவிட்சு இருக்கும். காசு நுனியால் திருப்ப வேண்டும். போகும்போது நினைவாகத் திருப்பி, திரும்பி வந்ததும் மறந்துவிடுவார்கள். அந்த மறதிக்குத்தான் நான் பில் போடுகிறேன். ஹோட்டல் அறையில் டிரையர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

டொரொண்டோவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். கனடாவில் 120, இலங்கையில் 230. சென்னையில் இறங்கி இங்கே இரண்டு நாள் தங்கிப் போன ஒரு குடும்பம், இங்கேயே ஸ்ட்ரெய்ட்னரை எரித்துவிட்டு, “நல்ல காலம், அங்க கல்யாண வீட்டுல வச்சு எரியேல்லை” என்று சொன்னார்கள்.

சிங்கப்பூரில் நம்ம இரண்டு முள் பிளக் நுழையவில்லை. பேனாவால் மேல் ஓட்டையை அழுத்தினால் நுழைகிறது. செய்யலாமா?

சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன், ஹாங்காங் எல்லா இடத்திலும் இருப்பது மூன்று தட்டை முள் வைத்த பிரிட்டிஷ் சாக்கெட். அதன் கீழ் ஓட்டைகள் இரண்டையும் உள்ளே ஒரு கதவு மூடியிருக்கும். மேலே உள்ள எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் உள்ளே போய்க் கதவைத் திறக்கும். குழந்தை கம்பியை விட்டுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. பேனாவால் அந்தக் கதவைத்தான் நாம் ஏமாற்றுகிறோம்.

நம் உருண்டை முள் அந்தச் சதுர ஓட்டைக்குள் சரியாகக் கவ்வாது, ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், பொறி பறக்கிற இடம் கருகும். சிலர் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர் விடுவார்கள். எர்த் ஓட்டைதானே என்ற தைரியம். வயரிங் செய்தவர் சரியாகச் செய்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர்க் கடைகளில் அடாப்டர் ஒரு காப்பி விலைதான்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் வீடுகளில் இருக்கும் உருண்டை மூன்று முள், பிரிட்டனின் பழைய பிளக்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் தட்டை முள்ளுக்கு மாறிவிட்டார்கள், நாம் அவர்கள் விட்டுப்போனதையே வைத்திருக்கிறோம். நம்மூர் பெரிய 16 ஆம்ப் பிளக் தென்னாப்பிரிக்காவில் அப்படியே பொருந்தும். இலங்கையில் உருண்டை, சதுரம் இரண்டையும் பார்க்கலாம்.

அந்த பிளக்கின் உள்ளே ஏதோ சின்ன உருளை இருக்கிறதே?

அது ஃபியூஸ். பிரிட்டிஷ் பிளக்கில் ஒவ்வொன்றிலும் ஒன்று உண்டு. சுமார் 700 வாட் வரை உள்ள பொருளுக்கு 3 ஆம்ப், அதற்கு மேல் 13 ஆம்ப். ஃபியூஸ் போனால் அதே அளவு வாங்கிப் போடுங்கள். டேபிள் லேம்ப்பில் 13 ஆம்ப் போட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும், ஆனால் வயர் ஷார்ட் ஆகும் நாளில் ஃபியூஸுக்கு முன் வயர் எரியும்.

எர்த் இல்லாத யுனிவர்சல் அடாப்டர் ஆபத்தா?

போனுக்கு ஆபத்தில்லை. சந்தையில் விற்கும் பல யுனிவர்சல் அடாப்டர்களில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர் என்று உலோக உடம்பு உள்ள பொருளுக்கு எர்த் கட்டாயம். உள்ளே காயில் உடம்பைத் தொட்டுவிட்டால் எர்த் இருந்தால் பிரேக்கர் விழும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகும். அப்படிப் பொருட்களுக்கு அந்தந்த நாட்டு பிளக்குக்கென்றே செய்த, எர்த் உள்ள தனி அடாப்டர் வாங்குங்கள். பக்கத்தில் எத்தனை ஆம்ப் என்று எழுதியிருப்பதையும் படியுங்கள்.

உலோக மூடி லேப்டாப்பை எர்த் இல்லாமல் சார்ஜ் போட்டால் மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போல ஒரு சுருசுருப்பு தெரியும். சார்ஜரில் உள்ள கப்பாசிட்டர் வழியாகக் கசியும் துளிக் கரண்ட் அது. நல்ல சார்ஜரில் அது ஆளைக் கொல்லாது. போலி சார்ஜரில் எவ்வளவு கசியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பாத்ரூமில் ‘ஷேவருக்கு மட்டும்’ என்று எழுதிய சாக்கெட் இருக்கிறது. அதில் போன் சார்ஜ் போடலாமா?

வேண்டாம். பிரிட்டனில் பாத்ரூமில் பெரும்பாலும் வேறு சாக்கெட் வைக்க மாட்டார்கள். இதன் பின்னால் ஒரு சின்னத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், 115, 230 இரண்டும் தரும். ஷேவருக்கும் எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷுக்கும் தருகிற அளவுதான் அதன் சக்தி. டிரையரைச் செருகினால் அது டக்கென்று அணைந்துவிடும்.

அமெரிக்காவில் கிச்சன் பிளக்கில் திடீரென்று கரண்ட் இல்லை. கெடுத்துவிட்டோமா?

பயப்படாதீர்கள். கிச்சன், பாத்ரூம் சாக்கெட்டின் நடுவில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு சின்ன பட்டன்கள் இருக்கும். ஈரக் கையால் தொட்டதாலோ பொருளில் கசிவு இருந்ததாலோ அது தானாக விழுந்திருக்கும். நம் வீட்டில் கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப் கசிந்தால் விழும், அங்கே இருப்பது வெறும் 5 மில்லி ஆம்ப்பை ஒட்டியே விழுந்துவிடும். பொருளைக் கழற்றிவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள். அதே பொருளைச் செருகியதும் மறுபடி விழுந்தால் குற்றவாளி அந்தப் பொருள்தான், குப்பையில் போடுங்கள். ஒரு சாக்கெட்டின் பட்டன் விழுந்தால் அதோடு இணைந்த வேறு சாக்கெட்டுகளும் செத்துப்போகும், ஆகவே பக்கத்து சுவரிலும் தேடுங்கள்.

பாதி கிச்சனே இருண்டுவிட்டால் அது பிரேக்கர். அங்கே ஒரு சாதாரண 15 ஆம்ப் லைனில் 1800 வாட்தான் மொத்தமே. மைக்ரோவேவும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் தாங்காது. டீக்குத் தண்ணீர் கொதிக்கும் வரை சோறு சூடாக்காமல் காத்திருக்க வேண்டியதுதான்.

நம்மூர் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அதில் செருகிக்கொள்ளலாமா?

230 வோல்ட் நாடுகளில், சார்ஜர்களுக்கு மட்டும் என்றால் நல்ல யோசனை. ஒரே ஒரு அடாப்டர் போதும். கெட்டிலை அதில் ஏற்றாதீர்கள். அமெரிக்காவில் வாங்கிய சர்ஜ் புரொடெக்டர் போர்டை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். உள்ளே இருக்கும் பாகம் 120 வோல்ட்டுக்குக் காவல் நிற்பது. 230 வந்ததும் அதை இடி என்று நினைத்து வெடித்துவிடும். உங்கள் லேப்டாப் 100-240 ஆக இருந்தாலும் நடுவில் இருக்கும் போர்டு அப்படி இல்லை.

மூச்சுக் கருவி, நெபுலைசர் கொண்டுபோகும் பெரியவர்கள்?

தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கு வைக்கும் சிபாப் மெஷின்களின் அடாப்டர் பெரும்பாலும் 100-240தான், இருந்தாலும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கம்ப்ரெஸ்ஸர் வைத்த நெபுலைசர் அப்படி இல்லை, பலவும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மட்டும். அமெரிக்காவில் அது ஓடினாலும் மருந்து ஒழுங்காகப் புகையாக மாறாது, பார்த்தால் ஓடுவது போலவே இருக்கும். அதுதான் பயம். போகும் முன் மகனையோ மகளையோ அங்கேயே ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கருவி செக்-இன்னில் போகாமல் கையோடு வரட்டும், டாக்டர் கடிதமும் கூட இருக்கட்டும்.

பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கில் எழுதியிருக்கும் எம்.ஏ.எச். எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் வாட்-அவர் வரும். 20,000 என்றால் 74, தாராளமாகக் கொண்டுபோகலாம். 27,000 என்றால் ஏறக்குறைய 100, எல்லைக்கோடு.

2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதன்பின் விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடக் கூடாது என்றது. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்று, உள்ளே பயன்படுத்தக் கூடாது என்றது. டிக்கெட் போட்ட நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் வாரத்தில் மறுபடி பாருங்கள். உப்பிப்போன பவர் பேங்கை வீட்டிலும் வைத்திருக்காதீர்கள்.

ஹோட்டல் அறையில் குட்டி ரைஸ் குக்கர், வாட்டர் ஹீட்டர் ராடு?

ராடு வேண்டவே வேண்டாம். பக்கெட்டும் இருக்காது, கழுவுதொட்டியில் வைத்து எரித்தவர் கதை வேறு. குக்கர் விஷயத்தில், ஹோட்டல் அனுமதித்தால் வோல்டேஜ் பார்த்துச் சமையுங்கள். தாளிக்க மட்டும் கூடாது. கடுகு வெடித்துப் புகை வந்தால் கூரையில் இருக்கும் கருவி அலறும். சில நாடுகளில் அலறியதும் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும், வந்ததற்கான கட்டணம் உங்கள் பெயரில் வரும்.

ஜப்பானுக்கு?

சார்ஜர்கள் மட்டும் கொண்டுபோங்கள். அங்கே பல சாக்கெட்டுகளில் எர்த் ஓட்டை இருக்காது, இரண்டு தட்டை முள் உள்ள அடாப்டர் வேண்டும். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிடமும் ஒசாகா அமெரிக்காவிடமும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த வினை. இன்னும் ஒட்டவில்லை.

செருகியதும் கருகிய வாசனை வந்தால்?

சாக்கெட்டில் சுவிட்சு இருந்தால் முதலில் அதை அணையுங்கள். அமெரிக்காவில் பல சாக்கெட்டில் சுவிட்சே கிடையாது, அங்கே பிரேக்கர் பெட்டி எங்கே என்று வந்த முதல் நாளே கேட்டு வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். யாருக்காவது ஷாக் அடித்துக் கை ஒட்டிக்கொண்டால் ஆளைத் தொடாமல் கரண்ட்டைத் துண்டியுங்கள். அவசர எண்: அமெரிக்கா, கனடா 911, பிரிட்டன் 999, ஐரோப்பா 112, சிங்கப்பூரில் தீ, ஆம்புலன்ஸ் 995, ஆஸ்திரேலியா 000.

அங்கிருந்து வரும்போது என்ன வாங்கி வரலாம்?

லேப்டாப், போன், 100-240 என்று போட்ட கேம் கன்சோல், தாராளமாக. சிங்கப்பூர், துபாயில் வாங்கிய குக்கரும் மிக்ஸியும் பிளக் மாற்றினால் இங்கே ஓடும். அமெரிக்காவில் வாங்கும் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர், கேக் மிக்ஸர், ஜூஸ் பிளெண்டர் இவையெல்லாம் 120 மட்டும்தான். தள்ளுபடியில் கிடைத்தது என்று தூக்கி வருவார்கள், இங்கே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலை சேர்த்தால் தள்ளுபடி போயே போய்விடும்.

எரிந்த பிறகு என்னிடம் வந்தால், கேக் மிக்ஸருக்கு வைண்டிங் கட்டித் தருவேன். எலக்ட்ரிக் பிரஷர் குக்கரின் போர்டு போயிருந்தால் அதன் உள் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல கனமான எவர்சில்வர். ரசம் வைக்க உதவும்.